கரடுமுரடான பாதைகளில் வண்டிக்கு வண்டி பேச எந்த ரேடியோ, அதை எப்படிப் பொருத்துவது?

கேள்வி

வணக்கம். நாங்கள் சில நண்பர்கள் நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிகளில் மலைச்சரிவுகளிலும் மணல்வெளிகளிலும் வறண்ட ஆற்றுப்படுகைகளிலும் சேர்ந்து ஓட்டிச் செல்வது வழக்கம். இதுவரை கைபேசியை நம்பியே போகிறோம். கோபுரங்களின் எல்லையைத் தாண்டிவிட்டால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் இடையே தொடர்பு அறுந்துவிடுகிறது. கடைசி வண்டி மணலில் புதைந்து நின்றதை முன்னால் சென்றவர்கள் வெகுநேரம் கழித்தே அறிவது இப்போது அடிக்கடி நடக்கிறது. பாறைகளின்மீது ஏறும்போது வெளியே நின்று வழிகாட்டுபவரின் குரல் எஞ்சின் ஓசையில் ஓட்டுநருக்குக் கேட்பதும் இல்லை.

ஆகவே எல்லா வண்டிகளிலும் நிலையாகப் பொருத்தப்பட்ட இருவழி ரேடியோ வைக்கலாம் என்று முடிவு செய்துள்ளோம். பொதுமக்கள் பயன்பாட்டுக்கென 27 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் சி.பி. ரேடியோ, அதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசையில் இயங்கும் யு.எச்.எஃப். ரேடியோ, தேர்வெழுதி உரிமம் பெற்றுப் பயன்படுத்தும் அமெச்சூர் ரேடியோ என மூன்று வகைகளைப் பற்றிப் படித்தேன். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? 5 வாட் போதுமா, 50 வாட் வேண்டுமா? ஆன்டெனாவைக் கூரையில் வைப்பதா, முன்பக்கக் காப்புச் சட்டத்தில் வைப்பதா? சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால் போதுமா? சாதாரண மின்இணைப்பு வேலைகளை நானே செய்து பழகியவன் என்பதால், விளக்கமான பதில்களையே விரும்புகிறேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. வாட் எண்ணை மட்டும் பார்த்து ரேடியோவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பலரும் தடம் மாறிவிடுகிறார்கள். ரேடியோ என்ற பெட்டியைவிட ஆன்டெனாவும், அது வண்டியில் நிற்கும் இடமும், இரண்டையும் இணைக்கும் கேபிளும்தான் உங்கள் குரல் எவ்வளவு தொலைவு போகும் என்பதைத் தீர்மானிக்கின்றன. பணத்தையும் உழைப்பையும் அந்த வரிசையிலேயே செலவிடுங்கள்.

அதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். நீங்கள் ஓட்டும் நாட்டில் எந்த அலைவரிசைக்கு என்ன அனுமதி என்பது தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 476 முதல் 477 மெகாஹெர்ட்ஸ் வரையிலான யு.எச்.எஃப். சி.பி.யில் 80 சேனல்கள் உள்ளன. 5 வாட் வரை தனி உரிமம் இல்லாமல் பேசலாம். ஆனால் 5, 35 ஆகிய சேனல்கள் அவசர உதவிக்கு மட்டுமே உரியவை. அமெரிக்காவில் 40 சேனல்கள் கொண்ட 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி.க்கு உரிமம் தேவையில்லை; குரலை அலையில் ஏற்றும் முறைகளில் ஏ.எம்.க்கு 4 வாட்டும், எஸ்.எஸ்.பி.க்கு 12 வாட்டும் வரம்பு, எஃப்.எம்.க்கு 2021இல்தான் அனுமதி கிடைத்தது. அதே நாட்டில் 462 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் ஜி.எம்.ஆர்.எஸ். என்ற பொதுப் பேச்சு ரேடியோ சேவைக்குத் தேர்வு கிடையாது, ஆனால் உரிமம் உண்டு. அதன் சில சேனல்களில் 50 வாட் வரை செல்லலாம். ஐரோப்பாவின் பி.எம்.ஆர்.446 வகைக் கைக்கருவிகள் அரை வாட்டுக்குள் அடங்க வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றி மாற்றவும் கூடாது. ஒரு நாட்டில் சட்டப்படி சரியான ரேடியோ, எல்லையைத் தாண்டியதும் காவல்துறை அல்லது மீட்புப்படையின் அலைவரிசையில் குறுக்கிடக்கூடும். ஆகவே இணையத்தில் பார்த்த ஒரு ரேடியோவை அப்படியே வாங்கி மாட்டுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

இனி தொலைவைப் பற்றிச் சொல்கிறேன். யு.எச்.எஃப். அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. இரண்டு ஆன்டெனாக்களும் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், முற்றிலும் சமதளமான நிலத்தில்கூட பூமியின் வளைவு அவற்றை மறைக்கத் தொடங்கும் தொலைவு சுமார் 11 முதல் 12 கிலோமீட்டர்தான். நடுவில் ஒரு குன்று நின்றால் அது 2 கிலோமீட்டராகவும் சுருங்கலாம். ஒருவர் மலையுச்சியில் நின்றால் பல மடங்கு விரியவும் செய்யலாம். வாட்டைப் பத்து மடங்கு கூட்டினால், தடையே இல்லாத வெட்டவெளியிலும் தொலைவு ஏறத்தாழ 3 மடங்குதான் ஆகும். தரையை ஒட்டிச் செல்லும் அலைகளுக்கு அது 2 மடங்கைக்கூட எட்டுவது அரிது. குன்றுக்கு அப்பால் இருப்பவருக்கு 50 வாட்டும் 5 வாட்டும் அநேகமாக ஒன்றே. இதைப் புரிந்துகொண்டால், வண்டிகள் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் தொடர்ந்து செல்லும் அணிவரிசைக்கு 5 வாட் தாராளமாகப் போதும் என்பது விளங்கும். பெரிய வாட் உதவுவது, அடர்ந்த மரங்களுக்கு ஊடாக விளிம்பு நிலையில் கேட்கும் ஒரு குரலைத் தெளிவாக்குவதற்குத்தான்.

27 மெகாஹெர்ட்ஸ் சி.பி.யை நான் இகழமாட்டேன். அதன் அலைநீளம் சுமார் 11 மீட்டர் என்பதால் சிறிய மேடுகளையும் இலைத்தழைகளையும் யு.எச்.எஃப்.ஐவிட எளிதாகத் தாண்டும். ஆனால் அதே காரணத்தால் அதற்குரிய கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) 2.6 மீட்டருக்கு மேல் நீள்கிறது. அதைச் சுருள் வைத்துக் குறுக்கினால் திறன் குறைந்துவிடும். குறுக்காவிட்டால் மரக்கிளைகள் ஒவ்வொன்றிலும் மாட்டிக்கொள்ளும். ஏ.எம். முறை எஞ்சினின் மின்பொறி இரைச்சலையும் சேர்த்தே வாங்கும். சூரியனின் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் குரல்கள் வானின் உயரத்திலுள்ள மின்னேறிய அடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி உங்கள் சேனலை நிரப்பிவிடும். 460 அல்லது 477 மெகாஹெர்ட்ஸில் கால் அலை என்பது ஏறத்தாழ 16 சென்டிமீட்டர்தான். கையடக்கமான ஆன்டெனா, எஃப்.எம். முறையின் தெளிவான குரல், இரைச்சல் குறைவு ஆகிய காரணங்களால், உங்கள் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்குமானால், அணிவரிசையாகச் செல்பவர்களுக்கு யு.எச்.எஃப்.தான் என் பரிந்துரை.

அமெச்சூர் ரேடியோ வேறு ஓர் உலகம். அதில் மலையுச்சிகளில் நிறுவப்பட்ட குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர்கள் வழியாக மிகத் தொலைவுக்குப் பேசலாம். ஆனால் பேசும் ஒவ்வொருவரும் தேர்வெழுதி உரிமம் பெற்றிருக்க வேண்டும். உங்கள் குழுவில் ஒருவர் மறுத்தாலும் அவருடைய வண்டி ஊமையாகிவிடும்.

ஆன்டெனாவின் பெருக்கத்தைப் பற்றியும், அதாவது டி.பி.ஐ. என்ற அலகில் குறிக்கப்படும் அதன் குவிக்கும் திறனைப் பற்றியும், சொல்ல வேண்டும். 9 டி.பி.ஐ. என்று அச்சிட்ட நீண்ட ஆன்டெனா தன் சக்தியைத் தட்டையாக அடிவானத்தை நோக்கிக் குவிக்கிறது. திறந்த சமவெளியில் அது அருமையானது. மலைப்பகுதியில் உங்கள் வண்டி சரிந்து நிற்கும்போதும், நண்பரின் வண்டி உங்களுக்கு மேலேயோ கீழேயோ வளைவில் நிற்கும்போதும், அந்தத் தட்டையான கதிர் அவரைத் தொடாமலே போய்விடும். அங்கே 3 டி.பி.ஐ. அளவிலான குட்டை ஆன்டெனாவே சிறந்தது. இரண்டு வகை நிலத்திலும் ஓட்டுபவர்கள் 6 டி.பி.ஐ. அளவில் ஒன்றை வைப்பதும், அடிப்பாகத்தை நிலையாக விட்டுக் கம்பியை மட்டும் மாற்றிக்கொள்வதும் வழக்கம்.

மறுமொழி 2

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எல்லா வண்டிகளிலும் ஒரே நேரத்தில் நிலையான ரேடியோ பொருத்த வேண்டுமா என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. கேள்வி கேட்டவர் பாறைகளில் வழிகாட்டுபவரைப் பற்றியும் குறிப்பிட்டிருக்கிறார். அவர் வண்டிக்கு வெளியே நிற்பவர் என்பதால், அவருக்குத் தேவை கையில் பிடிக்கும் வாக்கி-டாக்கிதான். நிலையான ரேடியோக்கள் எத்தனை இருந்தாலும், அதே சேனலில் பேசும் கைக்கருவி குழுவுக்குக் குறைந்தது ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். தூசியும் நீரும் புகாத ஐ.பி.67 தரத்தில் இருப்பதும், கையுறை போட்ட விரலால் அழுத்தக்கூடிய பெரிய பொத்தான் இருப்பதும் வாட்டைவிட முக்கியம்.

ஆனால் கைக்கருவியை வண்டிக்குள் உட்கார்ந்தபடி பயன்படுத்தினால் அதன் அலைகளில் பெரும்பகுதியை உலோகக் கூடு தடுத்துவிடும். சன்னல்கள் வழியாகத் தப்புவது மட்டுமே வெளியே செல்லும். அதற்கு வெளி ஆன்டெனா மாட்டலாம் என்று யாராவது சொன்னால், கழற்றக்கூடிய ஆன்டெனாவை உங்கள் நாட்டு விதி அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பி.எம்.ஆர்.446 வகையிலும் அமெரிக்காவின் எஃப்.ஆர்.எஸ். கைக்கருவி வகையிலும் அதற்கு இடமில்லை. எனவே முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நல்ல நிலையான ரேடியோக்களைப் பொருத்துங்கள். நடுவில் செல்பவர்கள் சில காலம் கைக்கருவியோடு சமாளிக்கட்டும். குழுவுக்கு எது ஒத்துவருகிறது என்பது தெரிந்த பிறகு மற்ற வண்டிகளிலும் பொருத்திக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எங்கள் பகுதியில் யு.எச்.எஃப். 5 வாட்டுக்கு அனுமதி உண்டு என்பதை உறுதி செய்துகொண்டேன்; அதையே எடுக்கப் போகிறோம். என் வண்டியின் முன்பகுதி எஃகு, பின்பகுதி மூடி ஃபைபர்கிளாஸ். கூரையில் உலோகச் சுமைதாங்கி இருக்கிறது. முன்னால் எஃகுக் காப்புச் சட்டமும், அதன்மீது நீளமான எல்.இ.டி. விளக்கும் இருக்கின்றன. பேட்டரியின் எதிர்முனையில் (நெகட்டிவ் முனையில்) ஏதோ ஒரு சிறிய சென்சார் மாட்டப்பட்டுள்ளது. இந்த நிலையில் எதை எங்கே வைப்பது?

மறுமொழி 3

விவரமாகச் சொன்னதற்கு நன்றி. பொருத்தும் வேலையை எனக்குத் தெரிந்த வரிசையில் சொல்கிறேன்.

கால் அலை ஆன்டெனாவுக்கு அடியில் ஓர் உலோகப் பரப்பு வேண்டும். அந்தப் பரப்பு ஆன்டெனாவின் மறுபாதியாகவே இயங்குகிறது. எஃகுக் கூரையின் நடுப்பகுதிதான் அதற்கு மிகச் சிறந்த இடம்; அங்கிருந்து எல்லாத் திசைகளுக்கும் சமமாக அலை பரவும். சுமார் 19 மில்லிமீட்டர் துளையிட்டு என்.எம்.ஓ. வகை அடிப்பாகத்தைப் பொருத்துவது தொழில்முறைக்காரர்களின் வழி. ஆனால் உங்கள் கூரையில் சுமைதாங்கி இருக்கிறது. அதன் குழாய்களுக்கு நடுவே ஆன்டெனா புதைந்து நின்றால், அலை பரவும் வடிவம் குலைந்துவிடும். ஃபைபர்கிளாஸ் மூடியின்மீது வைப்பதானால், உலோகப் பரப்பு தேவைப்படாத அரை அலை வகை ஆன்டெனாவை மட்டுமே வைக்க வேண்டும். காந்த அடிப்பாகம் அங்கே ஒட்டவும் ஒட்டாது. எஃகில் ஒட்டினாலும், முதல் தாழ்ந்த கிளையே அதை இழுத்துத் தள்ளிவிடும். அடியில் சேரும் மணல் வண்ணப்பூச்சையும் தேய்க்கும்.

உங்கள் வண்டிக்கு நான் தேர்வது முன்பக்கக் காப்புச் சட்டம். அங்கும் உலோகப் பரப்பு சீராக இருக்காது என்பதால், அடியில் உறுதியான சுருள்வில் கொண்ட, உலோகப் பரப்பைச் சாராத ஆன்டெனாவை எடுங்கள். ஓட்டுநரின் பார்வையை மறைக்காத ஓரத்தில் அதை நிறுத்துங்கள். பின்னால் வரும் வண்டியை நோக்கிய திசையில் உங்கள் கூரை சிறிது மறைக்கும் என்பது உண்மைதான். அணிவரிசைத் தொலைவில் அது பெரிய இழப்பாக இராது. கடைசி வண்டியில் பொருத்துபவர் மட்டும் ஆன்டெனாவைக் கூடியவரை உயரத்தில் வைக்கப் பார்க்கட்டும்.

கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். யு.எச்.எஃப்.இல் 5 மீட்டர் நீளமுள்ள சாதாரண ஆர்.ஜி.58 கேபிள், ரேடியோ தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை வெப்பமாக்கிவிடுகிறது, எல்.எம்.ஆர்.240 வகை அதே நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட விழுங்குவதில்லை. 27 மெகாஹெர்ட்ஸில் இந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல என்பதால், சி.பி. பயன்படுத்துபவர்களின் அனுபவத்தை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கேபிளைத் தேவையான நீளத்துக்கே வெட்டுங்கள். கதவு ரப்பருக்கு அடியில் நசுங்கவிடாமல், எஞ்சின் அறைச் சுவரில் ஏற்கனவே உள்ள ரப்பர் வளையத்தின் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே நுழைவதற்கு முன் கேபிள் சற்றுத் தாழ்ந்து வளைந்து ஏற வேண்டும். அப்போது அதன் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வெளியே இருக்கும் ஒவ்வோர் இணைப்பையும், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். ஆற்றைக் கடக்கும்போது உள்ளே புகும் ஒரு துளி நீர் கேபிளின் பின்னலுக்குள் ஊர்ந்து சென்று, பல மாதங்கள் கழித்துக் காரணம் புரியாத பழுதாக வெளிப்படும்.

மின்சாரத்துக்குச் சிகரெட் லைட்டர் துளை வேண்டாம். குலுங்கும் பாதையில் அந்தச் செருகி தளர்ந்து, நீங்கள் பேசும் நொடியில் மின்சாரம் விட்டுவிட்டு வரும். வண்டியின் மற்ற மின்கருவிகளின் இரைச்சலும் அதன் வழியே உள்ளே வரும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து தனி ஒயர் இழுத்து, முனைக்கு மிக அருகில், ஒரு சாணுக்குள், ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் ரேடியோவைக் காப்பாற்றுவதற்கு மட்டும் அல்ல. ஒயர் எங்காவது உராய்ந்து உடல் உலோகத்தைத் தொட்டால் வண்டி தீப்பற்றாமல் காப்பதற்கே அது முதன்மையாகத் தேவை. ரேடியோவின் பக்கத்தில் ஃபியூஸை வைத்தால், அதற்கு முன்னால் உள்ள ஒயர் முழுவதும் பாதுகாப்பின்றி நிற்கும்.

5 வாட் ரேடியோ பேசும்போது ஒன்றிரண்டு ஆம்பியர்தான் இழுக்கும். மெல்லிய ஒயரே அதற்குப் போதும். பிற்காலத்தில் 50 வாட் ரேடியோவுக்கு மாறும் எண்ணம் இருப்பவர்களுக்காக ஒரு கணக்கு சொல்கிறேன். அது ஏறத்தாழ 12 ஆம்பியர் இழுக்கும். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் போட்டால், வழியிலேயே 1.3 வோல்ட் விழுந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட்தான். ஒயர் இழுக்கும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்; ஆகவே தொடக்கத்திலேயே தடித்த ஒயரைப் போட்டுவிடலாம்.

ரேடியோவின் உடலைக் காற்றுப்பைகள் விரியும் வழியில் எங்கும் பொருத்தாதீர்கள். பக்கவாட்டுத் தூண்களுக்குள் திரைக் காற்றுப்பை இருக்கும் வண்டிகளில், அந்தத் தூண் வழியே கேபிளை ஓட்டுவதற்கு முன் வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். இடம் குறைவாக இருந்தால், கட்டுப்பாடுகள் முழுவதும் மைக்கிலேயே அமைந்த வகையை வாங்கி, பெட்டியை இருக்கைக்கு அடியில் மறைத்துவிடலாம். ஆனால் அங்கே ஒலி அமுங்கிவிடும் என்பதால், தனி ஒலிபெருக்கி ஒன்றை ஓட்டுநரின் காதுக்கு அருகே வைக்க வேண்டும். குறைந்த கியரில் எஞ்சின் உறுமும்போதுதான் இதன் அருமை தெரியும்.

எல்லாம் முடிந்ததும், ஆன்டெனா இணைக்கப்படாமல் ஒருபோதும் பேசும் பொத்தானை அழுத்தாதீர்கள். திரும்பி வரும் சக்தி ரேடியோவின் இறுதி டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடலாம். ஆன்டெனாவிலிருந்து திரும்பும் சக்தியைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 27 மெகாஹெர்ட்ஸுக்கான மீட்டர் யு.எச்.எஃப்.க்குப் பயன்படாது. கட்டடங்களிலிருந்து விலகி, கதவுகளையும் பானெட்டையும் மூடிவிட்டு அளக்க வேண்டும். அளவு 1.5 என்றால் 4 விழுக்காடு சக்திதான் திரும்புகிறது. அதைக் குறைக்க மெனக்கெட வேண்டியதில்லை. 2 என்றால் 11 விழுக்காடு. 3 என்றால் 25 விழுக்காடு. 3ஐத் தாண்டினால் ஆன்டெனாவைக் குறை சொல்வதற்கு முன் கனெக்டர்களையும் எர்த் இணைப்பையும் பாருங்கள். பழுது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தொழிற்சாலையிலேயே ஒத்திசைத்து வரும் யு.எச்.எஃப். ஆன்டெனாக்களை வெட்டிச் சரிசெய்ய முயலக் கூடாது.

மறுமொழி 4

மிக நல்ல விளக்கம். பேட்டரியின் எதிர்முனையில் உள்ள சென்சாரைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். அது பேட்டரிக்குள் வந்துபோகும் மின்னோட்டத்தை அளந்து, எவ்வளவு சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பதை வண்டியின் கணினிக்குச் சொல்கிறது. ரேடியோவின் எதிர்முனை ஒயரைச் சென்சாருக்கு முன்னால், நேராகப் பேட்டரி முனையில் கட்டினால், ரேடியோ இழுக்கும் மின்சாரம் அந்தக் கணக்கில் சேராது. எனவே எதிர்முனை ஒயரை, வண்டியின் உடலோடு பேட்டரி எர்த் சேரும் இடத்தில் கட்டுங்கள். பழைய வழிகாட்டிகள் இரண்டு ஒயர்களையும் பேட்டரியிலேயே கட்டச் சொல்லும்; சென்சார் இல்லாத வண்டிகளுக்கு அது இன்றும் சரியே, ஆனால் அப்போது எதிர்முனை ஒயரிலும் ஒரு ஃபியூஸ் வேண்டும். எர்த் கட்டும் இடத்தில் வண்ணப்பூச்சைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்து, இறுக்கிய பிறகு துருத்தடுப்பு பூசிவிடுங்கள்.

எல்.இ.டி. விளக்குதான் உங்களுக்குத் தொல்லை தரப்போகிறது என்று நினைக்கிறேன். அதற்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்று ரேடியோ இரைச்சலை உண்டாக்கும். ஆன்டெனாவும் அதே சட்டத்தில்தான் நிற்கப் போகிறது. துளையிடுவதற்கு முன் சோதித்துவிடுங்கள். ஆன்டெனாவைத் தற்காலிகமாகக் கட்டி, தொலைவில் நிற்கும் நண்பரைக் கைக்கருவியைக் குறைந்த சக்தியில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். அவர் குரல் விளிம்பு நிலையில் கேட்கும்போது விளக்கைப் போடுங்கள். குரல் இரைச்சலில் மறைந்தால் குற்றவாளி அதுதான். பிறகு எஞ்சின், மின்விசிறி, சார்ஜர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். விளக்கின் ஒயர்களில், விளக்குக்கு மிக அருகில், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையங்களை மாட்டினால் ஓரளவு குறையும். குறையாவிட்டால் ஆன்டெனாவை விளக்கிலிருந்து தள்ளி, பானெட்டின் ஓரத்துக்கு மாற்றுவதே வழி.

மறுமொழி 1 எழுதியவர்

சென்சார் பற்றிய குறிப்பு மிகவும் பயனுள்ளது. பொருத்திய பிறகு எல்லா வண்டிகளையும் ஒரே இடத்தில் நிறுத்தி அமைப்புகளை ஒப்பிட்டுப் பாருங்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ரேடியோ 25 கிலோஹெர்ட்ஸ் சேனல் அகலத்திலும் மற்றொன்று 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலும் இருந்தால், ஒருவர் குரல் மெலிந்தும் மற்றவர் குரல் சிதைந்தும் கேட்கும். பலர் இதை ரேடியோவின் பழுது என்று எண்ணி மாற்றிவிடுகிறார்கள். சி.டி.சி.எஸ்.எஸ். என்ற தொனி வசதியை மூடியே வையுங்கள். அது உங்கள் பேச்சை யாரிடமிருந்தும் மறைப்பதில்லை. அந்தத் தொனி இல்லாமல் பேசுபவரின் குரல் உங்களுக்குக் கேட்காமல் செய்வது மட்டுமே அதன் வேலை. அதே பாதையில் வரும் வேறொரு குழு உதவிக்கு அழைத்தாலும், உங்கள் ரேடியோ மௌனமாகவே இருக்கும்.

பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசத் தொடங்குமாறு எல்லோரையும் பழக்குங்கள். இல்லையெனில் முதல் அசை வெட்டுப்பட்டு, “நிறுத்தாதே” என்பது மறுமுனையில் வேறாகக் கேட்கும் ஆபத்து உண்டு. பாறையில் வழிகாட்டும்போது, நிற்கச் சொல்லும் சொல்லையே இருமுறை சொல்வது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளலாம்.

தனியாக ஒரே வண்டியில் செல்பவர்கள் இந்த ரேடியோவை மட்டும் நம்பிப் போகக் கூடாது. கேட்பவர் எவரும் எல்லைக்குள் இல்லாத இடத்தில் எந்த வாட்டும் பயன் தராது. அத்தகைய பயணத்துக்கு 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாய அறிவிப்பு அனுப்பும் பி.எல்.பி. கருவியை, உங்கள் நாட்டில் முறைப்படி பதிவு செய்து, வண்டியில் அல்லாமல் உங்கள் உடலோடு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி கவிழ்ந்தாலோ நீரில் மூழ்கினாலோ அதற்குள் கிடக்கும் கருவி கைக்கு எட்டாது.